ஹூஸ்டனை விட்டு வந்தோம்: ஊர், தெரு, மேடு பார்த்து வீடு தேடிய அனுபவம்

2024 ஜூலை 8 அன்று பெரில் புயல் டெக்சஸில் கரையைக் கடந்தபோது அது ஹரிக்கேன்களின் ஐந்து வகைகளில் வலு குறைந்த முதல் வகைதான். எங்கள் வீட்டுக் கூரையில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் ஹூஸ்டன் வட்டாரத்தில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. பல இடங்களில் அது திரும்ப நாள்கணக்கில் ஆனது. எங்களோடு இருக்கும் மாமியார் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரை நம்பி இருப்பவர். ஜூலை வெக்கையில் ஏசியும் இல்லை, மெஷினும் ஓடவில்லை. கையிலிருந்த சிலிண்டரோடு அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு சான் அன்டோனியோ போய் ஹோட்டலில் தங்கினோம்.

அதே வருடம் மே 16-ம் தேதி அடித்த சூறைக்காற்றிலும் கரண்ட் போயிருந்தது. 2021 பிப்ரவரிப் பனியில் டெக்சஸின் பெரும்பகுதி இருண்டதும் மறக்கவில்லை. 2017-ல் ஹார்வி புயல் வந்தபோது நாங்கள் அங்கே இல்லை. ஆனால் அதில் ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) தண்ணீர் புகுந்த வீடுகளில் பாதிக்கு மேல் "நூறு வருட வெள்ளப் பகுதி" என்று வரைபடத்தில் குறித்த எல்லைக்கு வெளியே இருந்தவை. இது மனதில் பதிந்துவிட்டது.

என் கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் கேட்கும் வசதி இருந்தது. எனக்கு வீட்டிலிருந்தே வேலை. சரி, கிளம்பலாம் என்று முடிவு செய்தோம். எங்கே என்பதுதான் கேள்வி. அத்தையிடம் கேட்டேன். "எங்க போனாலும் ஒண்ணு இருக்கத்தான்மா செய்யும். கரண்ட் போனா சீக்கிரம் வர்ற ஊரா பாரு" என்றார். எங்கள் தேடல் முழுவதற்கும் அதுவே அளவுகோல் ஆனது.

முதலில் அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமாவின் தேசிய அபாயக் குறியீட்டு வரைபடத்தை எடுத்து உட்கார்ந்தோம். பதினெட்டு வகை இயற்கை ஆபத்துகளை வைத்து, கவுண்டி அளவிலும் அதைவிடச் சிறிய பகுதி அளவிலும் காட்டுகிறது. அப்போது ஆஷ்வில் எங்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வட கரோலைனா மலைகளுக்கு நடுவே, கடலிலிருந்து சில நூறு கிலோமீட்டர் தள்ளி, 600 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் ஊர். தட்பவெப்ப மாற்றத்துக்கு அஞ்சுபவர்களின் புகலிடம் என்று பலரும் எழுதியிருந்தார்கள். நாங்கள் வீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே செப்டம்பர் கடைசியில் ஹெலீன் வந்தது. ஃபுளோரிடாவில் கரையேறிய புயல், ஏற்கெனவே மழையில் ஊறிக் கிடந்த அந்த மலைகளில் கொட்டித் தீர்த்தது. ஃபிரெஞ்ச் பிராட், ஸ்வானனோவா ஆறுகள் பொங்கி ஊரின் தாழ்வான பகுதிகளை அடித்துக்கொண்டு போயின. குழாயில் மறுபடி குடிக்கத் தகுந்த தண்ணீர் வர நவம்பர் பாதி தாண்டிவிட்டது. மலை மழைநீரைப் பள்ளத்தாக்குக்குத்தான் அனுப்பும், ஊரும் பாலமும் தண்ணீர்க் குழாயும் அங்கேதான் இருக்கும் என்பதை அந்தப் படங்களைப் பார்த்தபோதுதான் முழுசாக உணர்ந்தேன். அங்கே இழப்பைச் சந்தித்தவர்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

மற்ற ஊர்களை வேகமாகக் கழித்தோம். சியாட்டில் பக்கம் நண்பர்கள் அழைத்தார்கள். ஆனால் அந்தக் கடற்கரையை ஒட்டிய கஸ்கேடியா நிலத்தட்டுப் பிளவு 1700-ல் ஏறத்தாழ 9 மேக்னிட்யூட் அளவுக்கு அசைந்திருக்கிறது, மறுபடி அசையும். பூகம்பம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வராது. ஃபீனிக்ஸில் 2023-ல் 31 நாள் தொடர்ச்சியாக 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாத வெயில். அங்கே ஒரு மதியம் கரண்ட் போனால் அத்தையின் நிலைமை என்ன? பஃபலோவைப் பலர் புகழ்கிறார்கள். ஆனால் 2022 டிசம்பர் பனிப்புயலில் அந்த வட்டாரத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஆம்புலன்ஸே போக முடியாமல் போனது. வெர்மான்ட்டும் வேண்டாம். 2023 ஜூலையில் வெள்ளம், அடுத்த ஜூலையிலும் வெள்ளம்.

கடைசியில் ஒஹாயோவின் கொலம்பஸ். அங்கே டொர்னேடோ (சுழற்காற்று) வருமே என்று எல்லோரும் கேட்டார்கள். வரும். 2024 பிப்ரவரியில்கூட அந்த ஊரின் புறநகர்களில் வந்தது. டொர்னேடோவுக்குக் கிடைக்கும் எச்சரிக்கை சில நிமிடங்கள்தான், ஹரிக்கேனுக்கு நாள்கணக்கில் கிடைக்கிறது என்பதும் உண்மை. ஆனாலும் என் கணக்கு வேறு. டொர்னேடோவின் பாதை பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலம். அது போன தெருவுக்குப் பக்கத்துத் தெருவில் கடை திறந்திருக்கும், மருத்துவமனை இயங்கும். ஹரிக்கேன் ஒரு வட்டாரத்தையே மொத்தமாகப் பிடிக்கும். உதவிக்கு வருபவர் வீட்டிலும் கரண்ட் இருக்காது. அத்தைபோல ஒருவர் இருக்கும் வீட்டுக்கு இந்த வித்தியாசம் பெரிது. தவிர, டொர்னேடோ வந்தால் இறங்கிப் பதுங்க, ஹூஸ்டன் வீடுகளில் காணக் கிடைக்காத பேஸ்மென்ட் என்ற நிலத்தடி அறை ஒஹாயோவில் சாதாரணம்.

ஊரை முடிவு செய்ததோடு வேலை முடியவில்லை, உண்மையில் அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. ஒரே ஊரில் இரண்டு வீட்டுக்கு நடுவே இருக்கும் வித்தியாசம், இரண்டு மாநிலத்துக்கு நடுவே இருப்பதைவிடப் பெரிதாக இருக்கலாம். எங்களுக்கு முதலில் பிடித்த வீட்டின் பின்பக்கம் மரங்கள் அடர்ந்த அழகான ஓடை. ஃபீமாவின் வெள்ள வரைபடத்தில் வீடு எக்ஸ் மண்டலம், அதாவது கடன் கொடுக்கும் வங்கி வெள்ளக் காப்பீடு எடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாத இடம். வீட்டுத் தரகரான ரியல்டர் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நல்ல மழை பெய்த ஒரு மாலை நாங்களே போய்ப் பார்த்தோம். தெருவின் இரண்டு பக்கத்துத் தண்ணீரும் அந்த வீட்டு டிரைவ்வே முன்னால் வந்து சேர்ந்து, கேரேஜ் கதவின் அடி ரப்பரைத் தொட்டு நின்றது. பேஸ்மென்ட்டில் பக்கத்துக்கு ஒன்றாக, தேங்கும் தண்ணீரை வெளியே இறைக்கும் இரண்டு சம்ப் பம்ப். சுவரில் முழங்கால் உயரம்வரை மட்டும் புதுப் பெயின்ட். அந்த வீட்டை விட்டுவிட்டோம்.

அதே குடியிருப்பில் மேட்டில் இன்னொரு வீடு இருந்தது. இரண்டு முகவரிக்கும் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் விலை கேட்டோம். 2021 அக்டோபரிலிருந்து புது முறைப்படி மண்டலத்தை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு வீட்டின் உயரத்தையும் நீர்நிலையிலிருந்து இருக்கும் தூரத்தையும் பார்த்துத்தான் பிரீமியம் போடுகிறார்கள். ஓடைப் பக்கத்து வீட்டுக்குக் கணிசமாக அதிகம் வந்தது. வீடு வாங்குமுன் இந்த விலையைக் கேட்பதற்குக் காசு ஒன்றும் கிடையாது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

"நூறு வருட வெள்ளம்" என்றால் நூறு வருடத்துக்கு ஒருமுறை என்று நினைத்து நிம்மதியாக இருப்பவர்களுக்காக ஒரு கணக்கு. வருடத்துக்கு 1 சதவீத வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். முப்பது வருட வீட்டுக் கடன் காலத்தில் அது ஒருமுறையாவது வர வாய்ப்பு சுமார் 26 சதவீதம். நாலில் ஒன்று!

மேட்டு வீட்டை விற்றவரிடம் க்ளூ அறிக்கை கேட்டோம். கடைசி ஏழு வருடத்தில் அந்த வீட்டின் மேல் போட்ட இன்ஷூரன்ஸ் க்ளெய்ம்கள் அதில் இருக்கும். வீட்டு உரிமையாளரால்தான் எடுத்துத் தர முடியும், மறுக்காமல் தந்தார். அக்கம்பக்கத்தில் கதவைத் தட்டி, கடைசியாக எப்போது கரண்ட் போனது, எத்தனை மணி நேரத்தில் வந்தது என்று கேட்டோம். ஒரு பெரியவர் 2012 ஜூன் சூறைக்காற்றின்போது ஊரில் பல இடங்களில் ஒரு வாரம்வரை கரண்ட் இல்லை என்றும், இந்தத் தெருவுக்கு மூன்றாம் நாளே வந்துவிட்டது என்றும் சொன்னார். மின்கம்பிகள் நிலத்தடியில் போகின்றன, பக்கத்தில் மருத்துவமனை வேறு இருக்கிறது. அந்த உரையாடல் எந்த வரைபடத்தையும்விடப் பயன்பட்டது.

பேட்டரி வாங்கினால் போதும் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். அத்தையின் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கிறது. 2 கிலோவாட் மணி பேட்டரி ஐந்து மணி நேரம் தாங்கினால் அதிகம். அதனால் கேஸ் லைனில் ஓடும் நிலையான ஜெனரேட்டர் வைத்தோம். ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் எப்போதும் பேஸ்மென்ட்டில் இருக்கும். டொர்னேடோ சைரன் கேட்டால் அத்தையை மட்டும் கீழே இறக்கினால் போதும்.

மேட்டில் இருந்தும் வெள்ளக் காப்பீடு எடுத்திருக்கிறோம். சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸில் வெள்ளம் அடங்காது. தேசியத் திட்டத்தில் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உள்ளே இருக்கும் பொருள்களுக்கு 1,00,000 டாலர். பாலிசி நடைமுறைக்கு வர முப்பது நாள் ஆகும், புயல் செய்தி பார்த்துவிட்டு எடுக்க முடியாது. வீட்டுக் கடனோடு சேர்த்து க்ளோஸிங் (வீடு நம் பெயருக்கு மாறும் நாள்) அன்றே எடுத்தால் அந்தக் காத்திருப்பு கிடையாது. நாங்கள் அப்படித்தான் எடுத்தோம். சாக்கடைத் தண்ணீர் பின்வாங்கி பேஸ்மென்ட்டுக்குள் வருவது இதில் பெரும்பாலும் அடங்காது, அதற்கு வீட்டு இன்ஷூரன்ஸிலேயே தனி இணைப்பு (வாட்டர் பேக்கப் எண்டார்ஸ்மென்ட்) வாங்க வேண்டும். பேஸ்மென்ட் உள்ள வீடு பார்ப்பவர்கள் ஏஜெண்டிடம் இதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள், அவர்களாகச் சொல்வது அபூர்வம்.