கப்பல் இல்லை என்ற பதில்

வேலையில் இருந்த காலமெல்லாம் மனுக்களுக்குப் பதில் எழுதித்தான் என் கை பழகியது. "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது", "நிதி ஒதுக்கீடு பெறப்பட்டவுடன் உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" போன்ற வரிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓய்வு பெற்ற பிறகு இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டனின் நிர்வாகத்தைப் பற்றித் தேடித் தேடி வாசித்துக்கொண்டிருக்கிறேன். தலைக்கு மேல் குண்டு விழுகிறது, சரக்குக் கப்பல்கள் கடலில் மூழ்குகின்றன. அப்படிப்பட்ட நேரத்தில் ஜனங்களின் குறைகளுக்கு ஓர் அரசு என்ன பதில் சொன்னது என்று தெரிந்துகொள்ள வேண்டும் எனக்கு.

பதில் சொல்வதற்கு முன்னால் குறை காதில் விழ வேண்டும். அதற்கென்றே தகவல் அமைச்சகத்தில் மேரி ஆடம்ஸ் தலைமையில் ஒரு பிரிவு இருந்தது. 1940 மே மாதம் முதல் நாள்தோறும், சில மாதங்களுக்குப் பிறகு வாரந்தோறும், மக்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று அறிக்கை போனது. அதே அமைச்சகம் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்ட கணக்கெடுப்பையும் நடத்தியது. வேவு பார்க்கிறார்கள் என்று பத்திரிகைகள் அதைத் திட்டித் தீர்த்தன. திட்டியதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் கடை வரிசையில் நிற்பவரின் முணுமுணுப்பு அந்த வாரமே ஒரு மேசைக்கு வந்து சேர்ந்ததே, அதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

லண்டன் சுரங்க ரயில் நிலையங்களின் கதையைப் பாருங்கள். 1940 செப்டம்பரில் இரவு குண்டுவீச்சு தொடங்கியபோது, நிலையங்களைப் பதுங்குமிடமாகப் பயன்படுத்தக் கூடாது என்பதுதான் அரசின் நிலை. ஜனங்கள் சண்டை போடவில்லை. ஆளுக்கொரு பயணச் சீட்டு வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார்கள், மேலே வரவில்லை. அரசு இறங்கி வந்தது. நடைமேடையில் இரண்டு வெள்ளைக் கோடுகள் போட்டார்கள். ஒன்று விளிம்பிலிருந்து 8 அடி தள்ளி, இன்னொன்று 4 அடி தள்ளி. மாலை 7.30 வரை முதல் கோட்டுக்கு உள்ளே சுவரோரமாகவே படுக்கை விரிக்கலாம், பயணிகளுக்கு வழி வேண்டும். பிறகு 10.30 வரை இரண்டாவது கோடு வரை வரலாம். அதன்பின் ரயில் நின்றுவிடும், நடைமேடை முழுவதும் அவர்களுக்குத்தான். அடுத்தடுத்து மூன்றடுக்குப் படுக்கைகள், முதலுதவி நிலையம், கழிப்பறைகள், தேநீரும் பன்னும் ஏற்றிவரும் தனி ரயில் எல்லாம் வந்தன. இத்தனை பேர் நெருக்கியடித்துப் படுத்தால் நோய் பரவுமே என்ற கவலைக்கு, மருத்துவரான ஹார்டர் பிரபு தலைமையில் குழு போட்டு, அதன் பரிந்துரைகளைச் செயல்படுத்தவும் தொடங்கினார்கள். அந்த இரண்டு கோடுகளைப் போடச் சொன்ன அலுவலர் யாரென்று தெரிந்தால் கையெடுத்துக் கும்பிடுவேன். தடை உத்தரவை வைத்துக்கொண்டு முறைத்துக்கொண்டிருக்காமல், இருக்கிற இடத்தில் இரு தரப்புக்கும் வழி பண்ணிய புத்தி அது.

சாப்பாட்டு விஷயத்தில் பெரிய குறை, பணக்காரர்கள் ரேஷன் அட்டையைத் தொடாமலே உணவகத்தில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள் என்பது. 1942-இல் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 5 ஷில்லிங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஆடம்பர உணவகங்கள் அதில் ஓட்டை கண்டுபிடித்தன என்பது உண்மை. ஆனால் குறைக்கு ஓர் உத்தரவாவது பதிலாக வந்தது.

முதியோர் உதவியில் நடந்ததுதான் என்னை அதிகம் தொட்டது. வீட்டில் யார் யார் சம்பாதிக்கிறார்கள் என்று மொத்தமாகக் கணக்குப் பார்த்து உதவியைக் குறைக்கும் முறை அங்கே பல வருடங்களாக இருந்தது, ஜனங்கள் அதை மனதார வெறுத்தார்கள். போர் நடுவே, 1941-இல், சட்டம் போட்டு அதை எடுத்தார்கள். என் மேசைக்கு வந்ததில் இந்த வகை மனு ஏராளம். மகன் சம்பாதிக்கிறான் என்ற ஒரே காரணத்தால் தள்ளுபடி. அந்த மகன் ஒரு வாய் சோறு போடுகிறானா என்று கேட்க விண்ணப்பத்தில் இடமே கிடையாது.

1940 ஜூலையில் பால் திட்டம் வந்தது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் நாளுக்கு ஒரு பைன்ட் (அரை லிட்டருக்குச் சற்று அதிகம்) பால், விலை 2 பென்ஸ், முடியாதவர்களுக்கு இலவசம். அடுத்து மீன் எண்ணெய், பழச்சாறு. கொடுத்தும் பல தாய்மார்கள் வந்து வாங்கவில்லை. இருந்தாலும் கணக்கைப் பாருங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த 1000 குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவை 1941-இல் 60, 1945-இல் 46. பால் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். எல்லாருக்கும் வேலையும் கூலியும் இருந்த காலம் அது.

முடியாது என்று சொன்னதும் உண்டு. 1942-இல் வெள்ளை ரொட்டியை நிறுத்திவிட்டு, தவிடு அதிகம் நீக்காத மாவில் சாம்பல் நிற ரொட்டி கொண்டுவந்தார்கள். ஒருவருக்கும் பிடிக்கவில்லை, போர் முடியும்வரை புலம்பினார்கள். அரசு அசையவில்லை. கோதுமை கொண்டுவரக் கப்பல் இல்லை, ஒரே கோதுமையில் அதிக மாவு எடுத்தாக வேண்டும் என்று காரணத்தை வெளிப்படையாகச் சொன்னது. ஆனால் போர் நடந்த வருடங்களில் ரொட்டிக்கு ரேஷன் வைக்கவே இல்லை. நிறம் பிடிக்காவிட்டாலும் வயிறு நிறையக் கிடைத்தது.

இவ்வளவையும் மனதாரப் பாராட்டிவிட்டு, அதே கப்பல் பேச்சு இன்னொரு இடத்தில் என்ன செய்தது என்பதை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது, பர்மா அரிசி நின்றது. எதிரி கையில் சிக்கிவிடும் என்று வங்காளக் கரையோரத்தில் பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகளை அரசே பறிமுதல் செய்தது. மீனவனுக்கும் பிழைப்பு போயிற்று, நெல் கொண்டுபோகவும் வழி போயிற்று. அக்டோபரில் மிட்னாப்பூரைப் புயல் அடித்துப் போட்டது. 1943-இல் கிராமங்கள் பட்டினியில் விழுந்தன. தானியம் அனுப்புங்கள் என்று டெல்லி கேட்டது, வைஸ்ராயாக வந்த வேவல் திரும்பத் திரும்பக் கேட்டார். கேட்டதில் சிறு பகுதியைத்தான் லண்டன் போர் அமைச்சரவை ஒத்துக்கொண்டது. காரணம், கப்பல் இல்லை.

லண்டனில் அந்தக் காரணத்துக்கு ஜனங்கள் கொடுத்த விலை ரொட்டியின் நிறம். வங்காளத்தில் கொடுத்தது உயிர். 1945-இல் விசாரணைக் குழு சொன்ன கணக்கு 15 லட்சம். பிற்பாடு ஆராய்ந்தவர்கள் பலர் 30 லட்சம் வரை சொல்கிறார்கள். வங்காளத்துக் கிராமத்துப் பெண் கஞ்சிக் கலயத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன முணுமுணுத்தாள் என்று வாரந்தோறும் எழுதி அனுப்ப லண்டனில் எந்தப் பிரிவும் இருக்கவில்லை. கல்கத்தாவின் ஆங்கிலப் பத்திரிகை 'ஸ்டேட்ஸ்மன்' ஆசிரியர் இயன் ஸ்டீஃபன்ஸ் 1943 ஆகஸ்டில் கல்கத்தாத் தெருக்களின் படங்களைப் போட்ட பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. தெருவெல்லாம் பட்டினிப் பிணம் என்ற நகரத்தாரின் கவலைக்கு மாகாண அரசு செய்ததில் ஒன்று, ஆதரவற்றோரைப் பிடித்து நகரத்துக்கு வெளியே அனுப்பச் சட்டம் போட்டது.

ஓர் அலுவலக ஆளாக எனக்கு இதில் ஆறவே ஆறாத ஒன்று உண்டு. பஞ்ச காலத்தில் என்ன செய்ய வேண்டும் என்று பிரிட்டிஷ் இந்திய அரசே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விதித்தொகுப்பு எழுதி வைத்திருந்தது. பஞ்சம் என்று அறிவித்தால் நிவாரண வேலை, கூலி, உணவு எல்லாம் கொடுத்தாக வேண்டும். அப்படிக் கொடுக்கத் தானியம் கையில் இல்லை என்பதால், வங்காள அரசு 1943-இல் கடைசிவரை அந்த அறிவிப்பை வெளியிடவே இல்லை.