ஒரே பெயரில் இரண்டு போட்டுகள்

"மோளே, உங்கள் போட் போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு தடவை கரைக்கு வந்ததா?" என்று கொச்சி தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்திலிருந்து தரகர் இக்கா போனில் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அண்ணனின் போட் ஒருமுறை கடலுக்குப் போனால் திரும்பிவர முப்பது நாளாகும், சில சமயம் நாற்பது. "அப்படி வந்திருந்தால் அண்ணிக்குத்தான் முதலில் சந்தேகம் வந்திருக்கும்" என்றேன். இக்கா சிரிக்கவில்லை. எங்கள் போட்டின் கேரைச் சூரை கலந்திருந்த ஒரு கன்டெய்னர் ஐரோப்பியத் துறைமுகம் ஒன்றில் நிற்கிறது என்றார். பதில் போகும்வரை ஏற்றுமதிக் கம்பெனி எங்கள் மீனை எடுக்காதாம். போட் அப்போது கடலில், புறப்பட்டு இருபது நாள் ஆகியிருந்தது.

எங்கள் ஊர் வள்ளவிளை. பக்கத்தில் மார்த்தாண்டன்துறை, அதற்கடுத்து நீரோடி, அதோடு தமிழ்நாடு முடிந்து பொழியூரில் கேரளம் தொடங்கிவிடும். 1956இல் போட்ட கோடு அது. கடலில் அந்தக் கோடு இல்லை. தூத்தூர் வட்டாரத்து எட்டு ஊர்களின் ஆழ்கடல் போட்டுகள் பதிவாவது தமிழ்நாட்டில், மீனை இறக்குவது பெரும்பாலும் கொச்சியில். ஏலம் மலையாளத்தில், கணக்கு தமிழில், சான்றிதழ் ஆங்கிலத்தில். அந்தக் கணக்கை எழுதுகிறவள் நான். பி.காம். படித்த குற்றத்துக்காக அண்ணன் தலையில் கட்டிய வேலை.

நடந்தது என்னவென்று புரிய எனக்கு மூன்று நாள் ஆயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகும் கடல்மீன் ஒவ்வொன்றுக்கும் 2010 ஜனவரி 1 முதல் பிடிப்புச் சான்றிதழ் வேண்டும். எந்தப் படகு, பதிவு எண் என்ன, உரிமம் உண்டா, எந்தக் கடற்பகுதி, எந்த இனம், எத்தனை கிலோ, எப்போது கரைக்கு வந்தது என்று எல்லாம் அதில் இருக்கும். இந்தியாவில் அதைச் சரிபார்த்து முத்திரையிடுவது எம்பீடா என்று நாம் சொல்லும் கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம். கடற்பகுதிக் கட்டத்தில் '51' என்று இருக்கும். மேற்கு இந்தியப் பெருங்கடலுக்கு ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு கொடுத்த எண் அது. பிறகு அண்ணன் கரைக்கு வந்தபோது இதைச் சொன்னேன். "இத்தனை வருஷம் 51க்குள்ளேதான் கிடந்தேனா?" என்றான்.

எங்கள் போட்டின் பெயர் ஸ்டெல்லா மாரிஸ், கடலின் விண்மீன். மாதாவின் பெயர். எங்கள் கரையில் இந்தப் பெயரில் எத்தனை போட்டுகள் உண்டு என்று மாதாவுக்கே தெரியாது. பக்கத்து ஊரில் ஒன்று இருக்கிறது. எங்கள் போட் 17ஆம் தேதி இரவு வந்தது, அந்தப் போட் 19ஆம் தேதி. எங்கள் மீனை ஒரு கம்பெனி எடுத்தது, அவர்கள் மீனை இன்னொரு கம்பெனி. அவர்களுடைய ஏலச் சீட்டில் போட்டின் பெயர் மட்டும் இருந்திருக்கிறது, எண் இல்லை. படிவம் நிரப்பிய யாரோ ஒருவர் பழைய கோப்பில் அந்தப் பெயரைத் தேடி, கிடைத்த எண்ணை எழுதிவிட்டார். அது எங்கள் எண். இரண்டு சான்றிதழ்களும் ஒரே நாட்டுக்குப் போயிருக்கின்றன. அங்கே உட்கார்ந்து பார்ப்பவருக்கு என்ன தெரியும்? முப்பது நாள் தங்கிப் பிடிக்கிற போட் இரண்டு நாள் இடைவெளியில் டன் கணக்கில் இரண்டு முறை சூரை இறக்கியிருக்கிறது. வேறு ஏதோ கப்பல் பிடித்த மீனை எங்கள் பெயரில் ஏற்றுகிறோம் என்றுதான் நினைப்பார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் நினைப்பேன். இதை அண்ணன் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

பதில் சொல்ல 15 நாள், தேவைப்பட்டால் இன்னொரு 15 நாள். விதி அப்படி. கேள்வி கேட்டது அந்த நாட்டு அதிகாரிகள், பதில் எழுத வேண்டியது எம்பீடா, ஆதாரம் கொடுக்க வேண்டியது கம்பெனி. கம்பெனி தரகரைக் கேட்டது, தரகர் என்னைக் கேட்டார். எனக்குக் கீழே கேட்க ஆள் இல்லை.

பதிவுச் சான்று நகல், உரிம நகல், காப்பீடு எல்லாம் வீட்டு அலமாரியில் இருந்தன. எடுத்துப் பார்த்தபோதுதான் அடுத்த இடி. பதிவில் மாரிஸ், காப்பீட்டில் மேரிஸ். போட்டின் முகப்பில் பெயின்டர் எழுதியதில் ஓர் எழுத்தே குறைவு. இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது, பெயின்டருக்குக் காசு கொடுத்ததே நான்தான். இரண்டு பெயரும் ஒரே படகுதான் என்று குழித்துறையில் நோட்டரி முன்னால் உறுதிமொழி எழுதிக் கையெழுத்து வாங்கினேன். மீன் இறங்கியதற்கு ஆதாரம் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "இறங்கியது கேரளத்தில், அங்கே கேளுங்கள்" என்றார்கள். எல்லை தாண்டி வேறோர் அலுவலகத்தில், "தமிழ்நாட்டுப் பதிவாயிற்றே, அங்கே கேளுங்கள்." இரண்டு பேரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். பஸ் டிக்கெட்தான் மிச்சம்.

கடைசியில் பாறசாலையில் ரயில் ஏறி எறணாகுளம் போய், அங்கிருந்து பஸ்ஸில் தோப்பும்படி. ஹார்பரில் காலை நான்கு மணிக்குப் பெண்கள் வந்து நின்று பேசுகிற வழக்கம் அதிகம் இல்லை. இக்கா என்னை ஏலப்புரையின் ஓரத்துக்குக் கூட்டிப்போய் ஒரு பையனைக் காட்டினார். எம்பீடாவுக்காகத் துறையில் படகு வரவைக் குறித்துவைக்கும் பையன். கையில் நோட்டு, காதில் பேனா, காலில் ஐஸ் தண்ணீர். எங்களைப் போன்ற போட்டுகள் எப்போது வருகின்றன, என்ன இறக்குகின்றன என்று பார்த்து எழுதுவது அவன் வேலை. எத்தனையோ தடவை இப்படிப்பட்ட பையன்களை அண்ணன், "பிறகு வா தம்பி" என்று விரட்டியிருக்கிறான்.

அவன் குறிப்பில் 17ஆம் தேதி இரவு 11 மணிக்கு எங்கள் ஸ்டெல்லா மாரிஸ், எங்கள் எண்ணோடு. 19ஆம் தேதி விடியற்காலை இன்னொரு ஸ்டெல்லா மாரிஸ், அதன் எண்ணோடு. பெயரை நம்பாமல் படகின் பக்கவாட்டில் போய் எண்ணைப் பார்த்து எழுதியிருக்கிறான். "பெயரைக் கேட்டால் எல்லாரும் மாதா பெயரைத்தான் சொல்கிறீர்கள் சேச்சி" என்றான். அவனுக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுத்தேன். அதற்கு மேல் அவன் ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை.

கம்பெனியில் இருந்த வயதான மேலாளர்தான் எனக்கு முழுக் கதையையும் சொன்னவர். திருட்டு மீன் கப்பல்கள் முன்பெல்லாம் ஒரு துறைமுகம் விரட்டினால் அடுத்த துறைமுகத்துக்குப் போய்விடும், விரட்டிய செய்தி அங்கே போய்ச் சேராது, திருடன் பிடித்த மீனும் நீ பிடித்த மீனும் ஒரே தட்டில் விற்கும் என்றார். அதைத் தடுக்கத்தான் உணவு, வேளாண்மை அமைப்பில் 2009இல் துறைமுக நாடுகளுக்கான ஓர் ஒப்பந்தம் வந்தது. 2016 ஜூன் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல் உள்ளே வருமுன்பே விவரம் சொல்லி அனுமதி கேட்க வேண்டும். மறுத்தாலும் சோதித்தாலும் அந்தத் தகவல் மற்ற நாடுகளுக்கும் போக வேண்டும். அதற்கென்றே ஒரு மின்னணுத் தகவல் பரிமாற்ற அமைப்பு இருக்கிறது. எங்களுக்குப் பக்கத்தில் இலங்கையும் மாலத்தீவும் அதில் சேர்ந்த நாடுகள். எங்களை மாட்டவைத்தது இந்த ஒப்பந்தம் அல்ல, ஐரோப்பாவின் தனிச் சட்டம். ஆனால் இரண்டும் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: இந்த மீனைப் பிடித்தது யார்?

விளையாட்டாக நினைக்காதே என்று சொல்லி அவர் இலங்கைக் கதையையும் எடுத்தார். 2012 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக்கு எச்சரிக்கையாக மஞ்சள் அட்டை காட்டியது, 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்கே தடை போட்டது. தடை நீங்க 2016 ஆகிவிட்டது. தவறு செய்த படகுக்கும் செய்யாத படகுக்கும் ஒரே தண்டனை. அதைக் கேட்டபிறகுதான் எனக்கு வயிறு கலங்கியது.

பக்கத்து ஊர்ப் போட்டின் முதலாளியம்மா தயங்காமல் தங்கள் பதிவு நகலைக் கொடுத்தார். எண் மாறிப்போனதில் அவர்களுக்கும் தலைவலிதான். இரண்டு போட்டுகளின் புகைப்படங்கள், இரண்டு பதிவுகள், ஹார்பர் குறிப்பு, ஐஸ் பில், டீசல் பில், என் உறுதிமொழி எல்லாவற்றையும் சேர்த்துக் கம்பெனி கொடுத்தது. எம்பீடா பதில் அனுப்பியது. முதல் பதினைந்து நாள் கெடு முடிய ஒரு நாள் மிச்சமிருந்தது. அடுத்த வாரம் கன்டெய்னர் விடுவிக்கப்பட்டது என்று இக்கா போன் செய்தார். அண்ணன் கரை சேர்ந்தது அதற்கு நான்கு நாள் கழித்து. நடந்ததைச் சொன்னேன். குளித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டான்.

சண்டை பிறகு வந்தது. போட்டில் தினமும் தேதி போட்டு இடமும் மீனும் எழுத ஒரு நோட்டு வைக்க வேண்டும் என்றேன். எங்கே மீன் கிடைத்தது என்று எழுதிவைக்க போட்டை ஓட்டுகிற எந்த ஸ்ராங்கும் சம்மதிக்க மாட்டான், அது அவன் சொத்து என்றான் அண்ணன். பேச்சு அங்கிருந்து, போட் எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவிக்குப் போயிற்று. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்து எங்கள் ஊர்களில் எத்தனையோ வீடுகள் இருட்டாகிப் போனபோது, நடுக்கடலில் எங்கள் ஆட்களைக் கண்டுபிடிக்க ஒரு கருவிகூட இல்லையே என்று கதறியவர்கள் நாங்கள்தான். இப்போது கருவி வந்தால் எங்களை வேவு பார்க்கிறது என்கிறோம். அதுவரை பேசாமல் மீன் அரிந்துகொண்டிருந்த அண்ணி தலையைத் தூக்கினாள். "செத்தால் மட்டும் கண்டுபிடிக்க வேண்டும், உயிரோடு இருக்கும்போது வேண்டாமா?" அண்ணன் பதில் சொல்லவில்லை. மறுநாள் கடைக்குப் போய் பெயின்ட் வாங்கிவந்தான்.

இப்போது முகப்பில் பெயர் பதிவில் உள்ளபடி இருக்கிறது. எண் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு. ஏலச் சீட்டில் எண் இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதே என்று ஸ்ராங்கிடம் சொல்லியிருக்கிறேன். ஐரோப்பாவில் 2026 ஜனவரி 10 முதல் சான்றிதழ்களையெல்லாம் கணினியிலேயே ஏற்றிச் சரிபார்க்கிறார்கள். இரண்டு போட்டுக்கு ஒரே எண் என்றால் இனி இன்னும் சீக்கிரமாகவே மாட்டும்.

போன டிரிப்பில் நோட்டும் போயிற்று. பிளாஸ்டிக் உறையோடு திரும்பி வந்தது. முதல் ஒன்பது நாள் ஒழுங்காக எழுதியிருந்தான் ஸ்ராங்கு, தேதி, இனம், எண்ணிக்கை எல்லாம். இடம் என்ற கட்டத்தில் ஒன்பது நாளும் ஒரே சொல்: கடல். பத்தாம் நாளிலிருந்து வெறும் தாள்.