கிட் கிட்டாரும் ‘ம்ம்ம்’ சத்தமும்

ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிட்டாரின் வடிவில், உதிரி பாகங்களாக வரும் கிட்டைப் பூட்டி ஆம்பில் (ஒலிபெருக்கியில்) செருகினால், ஸ்வரத்துக்கு முன்னால் இரைச்சல்தான் வருகிறது. கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பிக்கப்பைப் புதிதாக வாங்கக் கிளம்பும் முன், கம்பிகளைக் கையால் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் குறைந்தால் எர்த் சரியாக இருக்கிறது, உள்ளே ஷீல்டிங்தான் (வெளி இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) போதவில்லை. கூடினால் கேபிள் செருகும் ஜாக்கில் இரண்டு ஒயரும் இடம் மாறியிருக்கலாம். மாற்றமே இல்லையென்றால், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயரைப் பார்க்க வேண்டும்.

என்னுடையது மூன்றாவது ரகம். மல்டிமீட்டரை பிரிட்ஜிலும் ஜாக்கின் எர்த்திலும் வைத்தேன், பீப் வரவில்லை. பின்மூடியைக் கழற்றினால், ஸ்பிரிங்குகள் மாட்டும் தகட்டில் கிட்டிலேயே பற்றவைத்து வந்த ஒயர் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது! அது கனமான தகடு, சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். 25 வாட் சால்டரிங் அயர்ன் திணறும். உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, 60 வாட்டில் வைத்த பிறகுதான் ஈயம் பிடித்தது.

அப்புறம் குழிக்குள் செப்பு டேப் ஒட்டி அதையும் எர்த்தோடு சேர்த்தேன். கிர்ர் என்ற சத்தம் அடங்கியது. மெல்லிய 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் மட்டும் மிச்சம். காந்தப் புலத்தில் வருவதைச் செப்பு டேப் தடுக்காது, ஒரே காயில் உள்ள ‘சிங்கிள் காயில்’ பிக்கப் என்றால் அது இருக்கத்தான் செய்யும். இரண்டு காயில்களை எதிரெதிராக இணைத்து அதை ரத்து செய்யும் ஹம்பக்கர் பிக்கப்பை 1955-லேயே கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் சேத் லவர் செய்துவிட்டார். ஆனால் எனக்கு சிங்கிள் காயிலின் கணீர்தான் பிடிக்கும். ரீங்காரம் இருந்துவிட்டுப் போகட்டும்.