போபால் ஏரியும் போஜ ராஜாவோட தோல் வியாதியும்

போபால்ல இருக்கற படா தாலாப் (பெரிய ஏரின்னு அர்த்தம்) பத்தி அந்த ஊர்க்காரங்ககிட்ட கேட்டா போதும், முதல்ல தோல் வியாதிக் கதைதான். போஜ ராஜாவுக்கு தோல் வியாதியாம், எந்த வைத்தியராலயும் முடியல, கடைசில ஒரு சாமியார் வந்து 365 ஓடையையும் ஒண்ணா சேத்து ஏரி வெட்டி அதுல குளிச்சா சரியாகும்னாராம், ஆளுங்க தேடித் தேடி 359தான் கெடச்சுதாம், அப்புறம் காலியான்னு ஒரு கோண்டு பழங்குடித் தலைவர் யாருக்கும் தெரியாத ஒரு நதியக் காட்டிக் குடுத்து, அதோட ஓடைகளயும் சேத்து கணக்க முடிச்சாராம். எனக்கு ராஜா குணமானத விட அந்த காலியாவத்தான் பிடிச்சிருக்கு, காட்டுத் தண்ணி எங்க ஓடுதுன்னு காட்டுல இருக்கறவனுக்குத்தானே தெரியும்!

கதைய விடுங்க, ஏரி நெசமாவே பெருசு. 11ஆம் நூற்றாண்டுல கோலான்ஸ் ஆத்துக்கு குறுக்க மண்கரை போட்டது, இன்னைக்கும் ஊர்ல சுமார் 40 சதவீதம் பேருக்கு குடிதண்ணி இதுலேர்ந்துதான். ‘ஏரின்னா போபால் ஏரி, மத்ததெல்லாம் குட்டை’ன்னு பழமொழியே வச்சிருக்காங்க, கொஞ்சம் ஓவர்தான் ஆனா அந்தக் கரைல நின்னு பாத்தா வாதாடத் தோணாது. தண்ணிக்குள்ளயே ஒரு தூண் மேல போஜர் வாளோட நிக்கிறார். நல்ல மழை வருஷத்துல ஏரி நெறஞ்சு பத்பதா மதகு தொறந்தா (1965ல கட்டுனது) குடும்பம் குடும்பமா வேடிக்கை பாக்க கெளம்பிடறாங்க.

2002லயே ராம்சர் அந்தஸ்து (உலக அளவுல முக்கியமான ஈரநிலம்ங்கற அங்கீகாரம்) வேற கெடச்சாச்சு. அப்படியும் சாக்கடை கலக்கறது, கரையோர ஆக்கிரமிப்புன்னு பஞ்சாயத்து ஓயல. குடிக்கற தண்ணிலயே கழிவ விட எப்படித்தான் மனசு வருதோ, தோல் வியாதி வந்தா இப்ப எந்த ஏரில போய் குளிக்கறதாம்?