கொல்லன் தெருவில் ஊசி தேடினேன்

கொல்லன் தெருவில் ஊசி விற்றாற்போல என்று கேலி பேசுவார்கள். அந்தத் தெருவிலேயே குடியிருந்துகொண்டு, வீட்டில் ஒரு ஊசி இல்லாமல் ராத்திரி முழுக்கத் தவித்தவளை எப்படிக் கேலி செய்வது என்று பழமொழி சொன்னவர்கள் யோசித்து வைக்கவில்லை.

எங்கள் வீடு கேத்தியில். குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் பேருந்தில் போனவர்கள் எல்லநள்ளியைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். ஊசித் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. 1949இல் வந்த கம்பெனி. போனி என்ற பெயரில் தையல் ஊசி, ஸ்வெட்டர் பின்னும் ஊசி என்று எங்கெங்கோ போகிறது. கோயம்புத்தூரில் கல்யாணத்துக்குப் போனால் கூட, "கேத்தியா? ஊசிக் கம்பெனி ஊர்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. நானும் என்னவோ நானே ஆளுக்கு இரண்டு ஊசி செய்து அனுப்பியது போலப் பெருமையாகத் தலையாட்டுவேன்.

போன நவம்பரில் ஐந்து நாள் விடாமல் மழை. பள்ளிகளுக்கு விடுமுறை. மேட்டுப்பாளையம் பாதையில் மண் சரிந்து மலை ரயில் ரத்து. வீட்டுக்குக் கீழே கேரட் தோட்டம் இருக்கிறது என்பதே ஞாபகத்தில்தான், கண்ணுக்குத் தெரிந்தது வெறும் மூட்டம். துவைத்த துணி மூன்றாவது நாளாகக் கொடியில் தொங்கி, ஈரத்தோடு ஒரு வாசனையும் சேர்த்துக்கொண்டிருந்தது. கம்பளி எடுக்கலாம் என்று டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். வினை அங்கே ஆரம்பித்தது.

கம்பளிக்கு மேலே ஒரு மூட்டை. பழைய வேட்டியில் கட்டி, நானே கையால் "அரைகுறை" என்று காகிதத்தில் எழுதிச் செருகியிருந்தேன். அவிழ்த்தேன். மூன்று பக்கம் தைத்து ஒரு பக்கம் திறந்தபடி நான்கு தலையணை உறைகள். கொக்கி வைக்காத ரவிக்கை ஒன்று (இனி கொக்கி வைத்தாலும் ஒன்றோடொன்று சந்திக்காது, அது வேறு கதை). பெரியவள் எட்டாவது படிக்கும்போது வெட்டிய சீட்டிப் பாவாடைத் துணி. அவளுக்கே இப்போது எட்டு வயதில் பெண் இருக்கிறாள். அப்புறம் வீட்டுக்காரருடைய பழுப்பு நிறப் பேன்ட், அடி மடித்துத் தைக்க வேண்டியது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒட்டுப் போர்வை, இரண்டு பாகமாக.

இந்தப் போர்வையின் சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பெரியவள் முழுகாமல் இருந்தபோது, பிறக்கப் போகும் குழந்தைக்கென்று ஆரம்பித்தேன். தையல் கடைக்காரரிடம் பிட்டுத் துணி கேட்டு வாங்கி, அலசிக் காயவைத்து (பருத்தித் துணியை அலசாமல் தைத்தால் முதல் துவைப்பில் ஒன்று சுருங்கும், ஒன்று சாயம் விடும், போர்வை முகம் கோணிக்கொள்ளும்), 5 அங்குலச் சதுரமாக வெட்டினேன். குறுக்கே 12, நீளவாக்கில் 7. மொத்தம் 84 துண்டு. மேல் துணி முடிந்தது. நடுவில் பஞ்சோ கம்பளியோ வைத்து, அடித் துணி போட்டு, மூன்றையும் சேர்த்துத் தைக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் குழந்தை பிறந்து, குப்புறக் கவிழ்ந்து, நடந்து, பேச ஆரம்பித்துவிட்டது.

2020இல் ஊரடங்கு வந்தது. எல்லோர் வீட்டிலும் யாராவது எதையாவது செய்துகொண்டிருந்த காலம். நான் போர்வையை எடுத்தேன். பேத்திக்கு நான்கு வயது, தொட்டில் அளவு போதாது. சரி, இன்னொரு பாகம் இதே போல 84 துண்டு தைத்து இரண்டையும் இணைத்துவிடலாம். தைத்தும் முடித்தேன். இணைப்பதற்குள் கடைகள் திறந்துவிட்டன.

இப்போது மழை, கரண்ட் இல்லை, டிவி இல்லை. இந்தத் தடவை முடிக்காமல் விடுவதில்லை என்று இரண்டு பாகத்தையும் கூடத்தில் விரித்தேன். வெளி ஓரத்தில் தையலுக்குப் போகிற அளவைக் கழித்தால் ஒன்று 48 அங்குல அகலம். இன்னொன்று 54.

டேப்பைத் திருப்பிப் போட்டு அளந்தேன். அவரை விட்டு அளக்கச் சொன்னேன். அவர் அருவங்காடு தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், அளவு என்றால் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பார்ப்பார். "ஆறு அங்குலம் வித்தியாசம்மா. துண்டு எண்ணிக்கை சரியா?" எண்ணினோம். இரண்டிலும் 12தான்.

அப்புறம் திருப்பிப் பார்த்தபோது விளங்கியது. முதல் பாகத்தில், ரவிக்கைக்கு விடுவது போல நினைத்துக்கொண்டு ஓரத்தில் அரை அங்குலம் பிடித்துத் தைத்திருக்கிறேன். 5 அங்குலத் துண்டு இரண்டு பக்கமும் அரை அங்குலம் போனால் 4. அது 12 பேர் சேர்ந்தால் 48. இரண்டாவது பாகம் தைக்கும்போது யூடியூபில் ஒரு அம்மா, ஒட்டுப் போர்வைக்குக் கால் அங்குலம்தான் பிடிக்க வேண்டும் என்று சொன்னதைக் கேட்டுத் திருந்தியிருக்கிறேன். ஆகவே துண்டுக்கு 4½, மொத்தம் 54. திருந்திய நான், திருந்தாத பாகத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

பிரித்துத் தைக்கலாமா என்றால், அந்தக் காலத்தில் நல்ல பிள்ளையாகப் பிசிறையெல்லாம் கத்தரித்துவிட்டிருக்கிறேன். அப்போதுதான் சீட்டிப் பாவாடைத் துணி கண்ணில் பட்டது. சின்ன பாகத்துக்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்று அங்குலம் கரை மாதிரி வைத்தால் 54 வந்துவிடும். தையலுக்கும் சேர்த்து 3½ அங்குலமாக இரண்டு நாடா வெட்டினேன். பாவாடை, போர்வை இரண்டு கணக்கும் ஒரே வெட்டில் தீர்ந்த சந்தோஷத்தில் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். கால் மிதி மெஷின்தான், கரண்டுக்குக் காத்திருக்க வேண்டாம். மிதித்தேன். அசையவில்லை. சக்கரத்தைக் கையால் சுற்றினேன். கிணற்றுக் கப்பியை இழுப்பது போல ஒரு முனகல், அவ்வளவுதான்.

"என்னங்க, மெஷினை ஏதாவது செஞ்சீங்களா?"

"எண்ணெய் போட்டு வெச்சேனே. நீதானே சத்தம் போடுதுன்னு சொன்னே?"

"என்ன எண்ணெய்?"

மெஷின் எண்ணெயைக் கேட் கொண்டிக்கு ஊற்றித் தீர்த்துவிட்டாராம். அதனால் மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய்.

கீழே சமவெளியில் இருப்பவர்களுக்கு இதன் கொடுமை சட்டென்று புரியாது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி அளவிலேயே உறையத் தொடங்கிவிடும். எங்கள் ஊரில் அதை யாரும் ஊற்றுவதில்லை, ஸ்பூனால் தோண்டுவோம். தலைக்குத் தேய்க்க வேண்டுமானால் பாட்டிலை அடுப்போரம் வைத்து, தாஜா செய்து இளக்க வேண்டும். அதை மெஷினின் அத்தனை துளையிலும் சொட்டு சொட்டாக விட்டிருக்கிறார், அதுவும் ஐப்பசி மாதத்தில். உள்ளே மெழுகுவர்த்தி வார்த்தது மாதிரி உட்கார்ந்திருந்தது.

கணப்புச் சட்டியில் கரி போட்டு மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தோம். குளிருக்குச் சட்டியைச் சுற்றி நாங்கள் உட்காருவது வழக்கம், அன்றைக்கு மெஷின் உட்கார்ந்தது. கொஞ்சம் சூடு ஏறியதும் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, துளைகளில் மண்ணெண்ணெய் விட்டு, மிதித்து, துணியால் துடைத்து, மறுபடி விட்டு, மறுபடி துடைத்து... ஒரு மணி நேரம். பக்கத்து வீட்டுப் பையனைக் கடைக்கு அனுப்பி மெஷின் எண்ணெய் வாங்கிப் போட்ட பிறகுதான் குதிரை ஓடியது. நாடா இரண்டையும் வைத்து, இரண்டு பாகத்தையும் இணைத்து எழுந்தபோது மணி ஐந்தரை. அவனிடம் ஊசியும் வாங்கி வரச் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

அடுத்த வேலை கைத்தையல். மேல் துணி, நடுவில் பழைய கம்பளி, அடித் துணி மூன்றையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். என் மெஷினுக்கு அவ்வளவு தடிமன் வாய்க்குள் நுழையாது. ஊசி டப்பாவைத் திறந்தால் பட்டன், கொக்கி, சேஃப்டி பின், ஒரு பால் பல் (யாருடையது என்று தெரியவில்லை). ஊசி இல்லை. போன தீபாவளிக்கு ஒரு பாக்கெட் வாங்கினேன். ஒவ்வொன்றாக எங்கே போயின? காலண்டர், மெத்தை, ஜன்னல் திரை எல்லாம் தடவினேன். ஒன்று கூட இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா ஊசிக் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் உப்பு இல்லாமல் போனாலும் போகும், ஊசி இல்லாமல் போகாது. குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாசலில் அப்போதுதான் விளக்கேற்றிவிட்டுத் திரும்பினார்.

"அக்கா, ஒரு ஊசி..."

"ஐயையோ, விளக்கு வெச்சாச்சேம்மா!"

மறந்தே போனேன். விளக்கு வைத்த பிறகு ஊசியும் உப்பும் கொடுக்க மாட்டார்கள். எனக்கும் தெரிந்த சாத்திரம்தான், நானே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். "காபி குடிச்சிட்டுப் போ" என்றார். குடித்துவிட்டு வந்தேன். வேறென்ன செய்வது?

மறுநாள் காலை ஏழு மணிக்கு அக்காவே வந்தார். ஊசியைக் கையில் தரக்கூடாது, சண்டை வரும் என்று, காகிதத்தில் குத்தித் திண்ணையில் வைத்தார். மூன்று ஊசி. கம்பளியும் சேர்ந்தது என்பதால் தடிமனானது கொடுத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, "நம்பர் ஏற ஏற ஊசி மெலிசாகும், அதைப் பார்த்து வாங்கணும். நீ பாட்டுக்குப் பத்தாம் நம்பரை வாங்கிட்டுக் கம்பளியிலே குத்தி ஒடிக்காதே" என்று எச்சரித்தார். ஒரு காலத்தில் அதைத்தான் நான் ஒடித்தேன் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது?

கூடத்தில் ஜமக்காளம் விரித்து, அதன் மேல் மூன்று அடுக்கையும் பரப்பி, நகராமல் இருக்கப் பெரிய பெரிய ஓட்டுத் தையலாகப் போட்டேன். இரண்டு மணி நேரத்தில் எட்டு வரிசை. நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, போர்வையைத் தூக்கினேன். ஜமக்காளமும் சேர்ந்து எழுந்து வந்தது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. செய்தித்தாளை முகத்துக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார். தாள் குலுங்கியது.

பிரித்து, மறுபடி போட்டு, நிஜத் தையலை ஆரம்பித்து முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. மழை நின்று, வெயில் வந்து, மலை ரயிலும் ஓட ஆரம்பித்துவிட்டது. மேல் பக்கம் தையல் ஓரளவு வரிசையாகவே இருந்தது. அடிப்பக்கம், எறும்புப் புற்றை யாரோ கலைத்த மாதிரி. தோடர்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கருப்புமாக, வரைபடம் எதுவும் இல்லாமல் இழையை எண்ணி எண்ணிப் பூ வேலை செய்வார்கள் இல்லையா? 2013இல் புவிசார் குறியீடு கூடக் கிடைத்ததே, அதுதான். அதில் நூல் புடைத்துக்கொண்டு நிற்கும் பின்பக்கத்தைத்தான் நல்ல பக்கமாக வெளியே தெரியப் போர்த்திக்கொள்வார்கள் என்று அவரிடம் எடுத்துச் சொன்னேன்.

"அவங்களுக்கு ரெண்டு பக்கமும் நல்லா இருக்கும், எதை வேணும்னாலும் காட்டலாம்" என்றார். "உனக்கு அந்தச் சலுகை கிடையாதும்மா."

கார்த்திகை தீபத்துக்குப் பெரியவள் குடும்பத்தோடு வந்தாள். போர்வையைப் பேத்தி மேல் போர்த்தினோம். உள்ளே முழுக் கம்பளி இருக்கிறதே, அது கொஞ்சம் கனம்தான். இரண்டு நிமிடம் கழித்து உள்ளிருந்து, "பாட்டி, திரும்பிப் படுக்க முடியலை" என்று குரல் வந்தது. ஆனாலும் கழற்றவில்லை. பெரியவள் ஓரத்தில் வைத்த கரையைத் தடவிப் பார்த்து, "இது என் பாவாடைத் துணியாச்சே! தெச்சுத் தர்றேன்னு சொல்லி அழ வெச்சியே!" என்றாள். இருபது வருடத்துக்கு முன்னால் அழுததை இவ்வளவு துல்லியமாக வைத்திருப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இரண்டு முறுக்கு கூடுதலாகக் கேட்டு வாங்கினாள்.

அன்று சாயங்காலம் தலையணை உறைகளையும் முடித்து, எல்லோர் முன்னாலும் அந்த "அரைகுறை" காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். ரவிக்கையை யாரும் பார்க்குமுன் கரித்துணியாக்கிவிட்டேன், அதுவும் முடித்த கணக்குத்தான்.

"அப்போ என் பேன்ட்?" என்றார் அவர்.

மூட்டை இருந்த இடத்தில் அது மட்டும் மடித்தபடி கிடந்தது.

"நாளைக்குக் காலையில முதல் வேலை அதுதாங்க."

"வேண்டாம். நானே ரெண்டு மடிப்பு மடிச்சுப் போட்டுக்கறேன். ஊட்டி கோயிலுக்குப் போகணும்" என்று எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஒரு நிமிடம் அமைதி. அப்புறம், "ஆ!"

ஓடினோம். குதிகாலுக்கு மேலே ஒரு பொட்டு ரத்தம். பேன்ட்டின் அடி மடிப்பில், பழுப்பு நூல் கோத்தபடி, நான்கு தையல் போட்டு, "அப்புறம் வந்து தொடரலாம்" என்று நானே பத்திரமாகக் குத்தி வைத்த ஊசி. பெட்டியின் ஈரத்தில் துருப்பிடித்து நூலின் நிறத்துக்கே வந்திருந்தது. அதைப் பிடுங்கி என்னிடம் நீட்டினார்.

"கையில கொடுக்காதீங்க, விளக்கு வெச்சாச்சு. அங்கே வையுங்க" என்றேன். அவர் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

துரு என்பதால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று மருமகன் காரை எடுத்தார். மருந்தை ஏற்றிக்கொண்டே அந்த நர்ஸ் அம்மா கேட்டார்:

"என்ன குத்திச்சு சார்?"

"ஊசி."

"ஊசி நான் போடுவேன் சார், இருங்க. குத்தினது என்ன?"

"அதான்மா சொல்றேன், ஊசி!"

"ஊசிக்கு ஏன் சார் இவ்வளவு பயம்? எங்க ஊரு?"

"கேத்தி" என்றேன் நான், மெதுவாக.