எண்ணெய் முள்ளும் சூட்டு முள்ளும் சேர்ந்து படுத்தால்: மினி கிளப்மேன் மீட்டர் வேலைக் குறிப்பு

வண்டி 1970களின் மினி கிளப்மேன். நிற்கும் இடம் பினாங்கு, ஜெலுத்தோங். கடல் காற்று நேராக வந்து அடிக்கும் பக்கம். எண்ணெய் (பெட்ரோல்) மீட்டரும் தண்ணீர்ச் சூட்டு மீட்டரும் இரண்டுமே அடியில் படுத்துவிட்டன. ஸ்பீடோமீட்டர் ஓடுகிறது, சார்ஜ் விளக்கும் ஆயில் விளக்கும் சரியாக எரிந்து அணைகின்றன.

இந்த நிலையில் பல பட்டறைகளில் முதலில் மீட்டரையே மாற்றச் சொல்வார்கள், அல்லது டேங்கைக் கழற்றுவார்கள். இரண்டும் வேண்டாம். இரண்டு மீட்டர் ஒரே நாளில் தனித்தனியாகச் சாவது மிக அபூர்வம். இரண்டுக்கும் பொதுவாக எது ஓடுகிறதோ அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். கிளப்மேனில் பொது விஷயம் மூன்று: சாவி போட்டதும் பியூஸ் வழியாக வரும் பச்சை ஒயர் கரண்ட், மீட்டருக்குப் பின்னால் இருக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசர், அதன் எர்த் (பாடியோடு சேரும் இணைப்பு).

இந்த மீட்டர்கள் ஸ்மித்ஸ் வகை. உள்ளே இரண்டு உலோகம் ஒட்டிய பட்டை, அதைச் சுற்றி மெல்லிய சூட்டுக் கம்பி. கரண்ட் ஓடினால் கம்பி சூடாகும், பட்டை வளையும், முள் நகரும். அதனால்தான் சாவியைத் திருப்பியதும் முள் மெல்ல ஏறுகிறது, நிலைக்கு வர அரை நிமிடம் எடுக்கிறது. முள் சட்டென்று குதித்தால் அது வேறு வகை மீட்டர், கீழே சொல்வது அதற்குப் பொருந்தாது. பேட்டரி 12இலும் ஓடும்போது 14இலும் இருப்பதால் முள் அதோடு சேர்ந்து ஆடாமல் இருக்க, 10 வோல்ட்டுக்குச் சமமான சூட்டை மட்டும் கொடுப்பதுதான் ஸ்டெபிலைசரின் வேலை. எல்லா வண்டிக்கும் 10 கிடையாது. பழைய ஜப்பான் கார்களில் சுமார் 7 வோல்ட் வகைகள் உண்டு. புரோட்டோன் சாகாவையோ டட்சனையோ வைத்திருப்பவர்கள் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் மீட்டர் கருகும்.

முதல் நாள்: பச்சை ஒயர்

சாவியைப் போட்டு சிக்னலும் பிரேக் விளக்கும் எரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். இவையும் பச்சை ஒயரில்தான் ஓடுகின்றன. இவையும் செத்திருந்தால் பியூஸ், முடிந்தது கதை. இந்த வண்டியில் சிக்னல் எரிந்தது, ஆனால் சோம்பலாக மினுக்கியது. அதுவே ஒரு துப்பு.

பியூஸ் நல்லதுதான். அதைப் பிடிக்கும் பித்தளைக் கிளிப்பில் பச்சையாகக் களிம்பு. சும்மா அளந்தால் 12.4 வோல்ட், எல்லாம் சரி போலத் தெரியும். பிரேக் மிதித்து, சிக்னலும் போட்டுவிட்டு அளந்தால் 10.9. லோடு இல்லாமல் எடுத்த அளவை நம்பாதீர்கள். களிம்பு பிடித்த இடம் அளக்கும் மீட்டருக்கு 12 காட்டும், வேலைக்கு வரும்போது கைவிட்டுவிடும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி (மினியில் பேட்டரி பின்னால் சாமான் வைக்கும் பூட் உள்ளே இருக்கிறது), 400 நம்பர் உப்புத்தாளில் கிளிப்பையும் பியூஸ் முனையையும் தேய்த்து, கிளிப்பை லேசாக நெருக்கி, கான்டாக்ட் கிளீனர் அடித்த பிறகு அதே லோடில் 12.2.

பியூஸ் பற்றி இன்னொன்று. பிரிட்டிஷ் லூகாஸ் கண்ணாடிப் பியூஸில் 35 என்று இருந்தால் அது எரிந்து போகும் அளவு, தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். இன்று கடையில் கிடைக்கும் கண்ணாடிப் பியூஸ் பலவற்றில் எழுதியிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. 35 என்று பார்த்து வாங்கிப் போட்டால் பியூஸுக்கு முன்னால் ஒயர் எரியும். இங்கே 15 ஆம்பியர் போட்டோம்.

கரண்ட் சரியானது, சிக்னல் விறுவிறுப்பானது. முள் இரண்டும் அசையவில்லை.

இரண்டாம் நாள்: ஸ்டெபிலைசர்

மீட்டர் பெட்டியை வெளியே எடுக்கும்போது பொறுமை வேண்டும். முதலில் பேட்டரி நெகட்டிவ். பிறகு ஸ்பீடோ கேபிள் பிடிப்பை விடுவித்து, மல்டி பிளக்கை நேராக இழுக்க வேண்டும். பெட்டியின் முதுகில் ஒயருக்குப் பதில் பிளாஸ்டிக் தாளில் ஒட்டிய செம்புத் தடம் ஓடுகிறது. ஐம்பது வயதான தாள், பிளக்கைச் சாய்த்து ஆட்டினால் அங்கேயே விரியும்.

ஸ்டெபிலைசர் தீப்பெட்டியை விடச் சின்னத் தகர டப்பா, சொருகி எடுக்கலாம். பி என்பது பச்சை ஒயர் வரும் பக்கம், ஐ என்பது மீட்டர்களுக்குப் போகும் பக்கம், இ எர்த். சோதிக்க டிஜிட்டல் மீட்டரை விட 12 வோல்ட் 2.2 வாட் பல்புதான் நல்லது. உள்ளே கான்டாக்ட் ஒட்டி ஒட்டி விடுவதால் ஐ முனையில் கரண்ட் விட்டு விட்டுத்தான் வரும், டிஜிட்டல் எண்கள் பைத்தியம் பிடித்தது போல ஓடும். பல்பை ஐக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்தால் நல்ல ஸ்டெபிலைசர் மெல்லக் கண் சிமிட்டும். இங்கே பி முனையில் 12.2, ஐ முனையில் பல்பு எரியவே இல்லை.

இது எப்படிக் கெடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் முள்ளைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம். கான்டாக்ட் கருகித் திறந்தே நின்றால் இரண்டு முள்ளும் அடியில். கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால் பேட்டரி வோல்டேஜ் முழுதும் போகும், இரண்டு முள்ளும் அளவுக்கு மேலே. எர்த் விட்டுப்போனாலும் அதே கதை: உள்ளிருக்கும் சூட்டுக் கம்பி சூடாகாது, கான்டாக்ட் திறக்காது, 14 வோல்ட் நேராக மீட்டருக்குள் பாயும். கடைசி வகைதான் ஆபத்து. "முள் நன்றாகத்தானே காட்டுகிறது, கொஞ்சம் கூடக் காட்டுகிறது" என்று விட்டுவிட்டால் மீட்டரின் கம்பி மெல்ல வெந்துபோகும்.

டப்பாவைத் திறந்ததில் கான்டாக்ட் இரண்டும் கரிக்கட்டை. தேய்த்து ஓட்டலாம், ஒரு மாதம் ஓடும். அதற்குப் பதில் அந்தத் தகரத்துக்குள்ளேயே 10 வோல்ட் கொடுக்கும் 7810 ரெகுலேட்டரை வைத்தோம். கோலாலம்பூர் என்றால் புடு பக்கம் ஜாலான் பாசார் எலக்ட்ரானிக் கடைகளில் இந்தச் சாமான் எல்லாம் சில ரிங்கிட்டில் முடிந்துவிடும். எழுத்துப் பக்கம் நம்மைப் பார்க்க, கால் கீழே இருக்கும்படி பிடித்தால் இடது கால் உள்ளே, நடுக் கால் எர்த், வலது கால் வெளியே. உள்ளே வரும் காலுக்கும் எர்த்துக்கும் 0.33 மைக்ரோ ஃபாரட், வெளியே போகும் காலுக்கும் எர்த்துக்கும் 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், இரண்டும் காலுக்கு ஒட்டியே. பழைய பட்டையையும் கம்பியையும் பிடுங்கி எறிந்துவிட்டு, இடது காலை பி முனையிலும் வலது காலை ஐ முனையிலும் சால்டர் வைக்க வேண்டும். 7810இன் உலோக முதுகும் எர்த்தான் என்பதால் நேராகத் தகரத்தில் போல்ட் வைத்து இறுக்கலாம், சூடும் அதிலேயே இறங்கும். இரண்டு மீட்டரும் உச்சத்தில் இருந்தால் சுமார் 0.24 ஆம்பியர், 14.2இலிருந்து 10க்கு இறங்கும்போது சூடு 1 வாட்தான்.

7810க்கு ஒரு குறை. உள்ளே வருவது வெளியே போவதை விடச் சுமார் 2 வோல்ட் கூட இருக்க வேண்டும். பழைய பட்டை வகைக்கு 10.9 வந்தாலும் கான்டாக்ட் கொஞ்சம் அதிக நேரம் ஒட்டி நின்று சமாளித்துவிடும், 7810 சமாளிக்காது. முதல் நாள் பியூஸ் கிளிப்பைத் தேய்த்தது வீணில்லை என்று சொல்வது இதனால்தான். என்ஜின் நிற்கும்போதும் முள் துல்லியமாக நிற்க வேண்டுமென்றால் எல் 4940 வி 10 என்ற குறைந்த இழப்பு ரெகுலேட்டர் இருக்கிறது. அதற்கு வெளியே போகும் பக்கம் குறைந்தது 22 மைக்ரோ ஃபாரட் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது ஊசலாடும்.

மேசையில் வைத்து 47 ஓம் 5 வாட் ரெசிஸ்டரை லோடாகக் கொடுத்து அளந்ததில் 12.6க்கு 10.02, 11.5க்கு 9.6. வண்டியில் போட இது போதும்.

1969க்கு முந்தைய மினிகள் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் சேரும். மாற்றப்படாமல் அப்படியே இருக்கும் வண்டியில் 7810 போடக்கூடாது, அங்கே 7910 வேண்டும், கால் வரிசையும் வேறு.

மூன்றாம் நாள்: சூடு ஏறியது, எண்ணெய் ஏறவில்லை

பெட்டியைத் திரும்ப மாட்டி என்ஜினை ஓட்டியதும் சூட்டு முள் ஐந்து நிமிடத்தில் எழுந்து நடுவுக்குக் கீழே நின்றது. தெர்மோஸ்டாட் மூடியில் இன்ஃப்ராரெட் தெர்மோமீட்டரைக் காட்டியதில் 80 டிகிரி, உள்ளே இருப்பது 82 டிகிரி தெர்மோஸ்டாட், ஒத்துப்போகிறது. ஆயர் ஈத்தாம் நெரிசலில் மாட்டிக்கொள்ளும் மினிக்கு இந்த முள் உயிர் போன்றது. ரேடியேட்டர் என்ஜினுக்குப் பக்கவாட்டில், சக்கர வளைவைப் பார்த்து இருப்பதால் நிற்கும் நேரத்தில் காற்று போதாது. சூட்டுச் சென்சரை மாற்றுகிறவர்கள் மரையில் வெள்ளை டேப்பைத் தாராளமாகச் சுற்றக்கூடாது. சென்சருக்கு எர்த் அந்த மரை வழியாகத்தான் போகிறது. டேப் தடித்தால் முள் குறைத்துக் காட்டும், வண்டி கொதித்த பிறகுதான் தெரியும்.

எண்ணெய் முள் இன்னும் அடியில். இப்போது பொது விஷயம் முடிந்தது, இது அதன் சொந்த நோய்.

புத்தகங்களில் சொல்வது மிதவை (டேங்கில் எண்ணெய் மட்டத்தை அளக்கும் சென்சர்) ஒயரை எர்த்தில் தொடு, முள் முழுசுக்கு ஏறும் என்று. ஏறும்தான், முழுசையும் தாண்டிப்போய்ப் பட்டை வளைந்தே நிற்கவும் கூடும். 68 ஓம் 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இரண்டு முதலைக் கிளிப்போடு வைத்துக்கொள்ளுங்கள், பாதி டேங்கைக் காட்டும். 22 ஓம் வைத்தால் கிட்டத்தட்ட முழுசு. கால் வாட் ரெசிஸ்டர் வேண்டாம், 22 ஓமில் அது விரலைச் சுடும்.

பின் பூட் உள்ளே, டேங்கின் பச்சை-கறுப்பு ஒயரைக் கழற்றி 68 ஓம் வழியாக எர்த்தில் கொடுத்து ஒரு நிமிடம் காத்தோம். அசைவில்லை. அதே ரெசிஸ்டரை மீட்டரின் முதுகு ஸ்டட்டில் கொடுத்ததும் முள் பாதிக்கு வந்து நின்றது. ஆக, மீட்டர் நல்லது, குறை நடுவில். ஒயரை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அளந்தால் 0.4 ஓம், அதுவும் நல்லது. மிச்சம் செம்புத் தடம்தான்.

லென்ஸ் வைத்துச் சாய்த்து வெளிச்சம் காட்டியதும் தெரிந்தது: மல்டி பிளக் முள்ளுக்கு 3 மில்லிமீட்டர் தள்ளி, முடி அளவு கோடு. விரலால் அழுத்தினால் சேர்கிறது, விட்டால் பிரிகிறது. மேல் பூச்சைக் கத்தி முனையால் சுரண்டி மெல்லிய செம்பு இழையை வைத்து சால்டர் செய்யலாம். இரண்டு விநாடிக்கு மேல் சூடு நின்றால் தாள் சுருண்டுவிடும், தடம் மொத்தமாக உரியும். அந்தச் சூதாட்டம் தேவையில்லை என்று பிளக் முள்ளிலிருந்து மீட்டர் ஸ்டட்டுக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயரைத் தனியாக இழுத்துவிட்டோம். பார்க்க அழகில்லை, பெட்டிக்குள் யாரும் பார்க்கப் போவதுமில்லை.

கையோடு ஒரு எச்சரிக்கை. பெட்டி வெளியே இருக்கும்போது பல்பை எல்லாம் எல்இடியாக மாற்ற ஆசை வரும். சார்ஜ் விளக்கை மட்டும் தொடாதீர்கள். அந்த 2.2 வாட் பல்பு வழியாகப் போகும் கரண்ட்தான் ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது. எல்இடி போட்டால் பேட்டரி சார்ஜ் ஆகாமல் போகலாம். ஸ்பீடோ கேபிளுக்கு கிரீஸ் தடவுவதாக இருந்தால் மேல் பக்கம் ஒரு சாண் விட்டுவிட்டுத் தடவுங்கள், மீட்டருக்குள் ஏறினால் முள் பிசுபிசுத்துக்கொள்ளும்.

நான்காம் நாள்: டேங்க்

மிதவை ஒயரை மாட்டியதும் முள் ஏறியது, ஆனால் நிறைத்த டேங்கில் பாதி. இந்த இடத்தில் மீட்டரின் முதுகில் இருக்கும் சரிசெய்யும் ஓட்டைகளைத் திறக்கிறவர்கள் உண்டு. 10 வோல்ட் சரியாக இருக்கிறது, 68 ஓமுக்குப் பாதி காட்டுகிறது என்றால் மீட்டர் பொய் சொல்லவில்லை, அதைத் திருகக்கூடாது.

சாவியை எடுத்து ஒயரைக் கழற்றி மிதவை முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளந்தால் 62 ஓம். மிதவை முனைக்கும் மிதவையின் சொந்த உடலுக்கும் அளந்தால் 24. மீதி 38 ஓம் எர்த்தில் மறைந்து நிற்கிறது. மிதவையிலிருந்து பாடிக்குப் போகும் கறுப்பு ஒயரின் வளையம், பூட் தரையில் திருகிய இடத்தில் துருவும் பெயிண்டுமாகக் கிடந்தது. பெயிண்டைச் சுரண்டி வெள்ளி தெரியும் வரை தேய்த்து, புது வளையம், பல் வாஷர், மேலே வாசலின்.

இதைப் பார்க்காமல் மிதவையைக் கழற்றியிருந்தால் பெரிய தொல்லை. மினி சலூனில் மிதவை டேங்கின் பக்கவாட்டில் இருக்கிறது, எண்ணெய் மட்டத்துக்குக் கீழே. டேங்கை வடிக்காமல் மிதவையைப் பிடிக்கும் லாக் வளையத்தைத் திருப்பினால் பெட்ரோல் பூட் உள்ளே கொட்டும், பக்கத்திலேயே பேட்டரி. கழற்றியே ஆக வேண்டுமென்றால் பேட்டரி நெகட்டிவை முதலில் எடுத்து, டேங்கை முழுதாக வடித்து, வளையத்தைப் பித்தளைக் கம்பியால் தட்டுங்கள், இரும்பால் வேண்டாம். ரப்பர் சீல் புதிது போடாமல் திரும்ப மாட்டவே கூடாது.

பிறகு 25 லிட்டர் டேங்கை வடித்து, ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி அளந்தோம். காலியில் 250 ஓம், 5 லிட்டரில் 168, 10இல் 109, 15இல் 72, 20இல் 43, நிறைந்ததும் 24. எங்கும் எண் தாவவில்லை, மிதவையின் கம்பிச் சுற்று தேயவில்லை என்று அர்த்தம். முள் 15 லிட்டரில் பாதிக் கோட்டை ஒட்டி நிற்கிறது. அதாவது பாதி என்று காட்டும்போது கையில் இருப்பது 12 அல்ல, 15. அடுத்த பாதி வேகமாக இறங்காது, மெல்லத்தான் இறங்கும். சிவப்பைத் தொடும்போது 4 லிட்டர் மிச்சம்.

இரண்டு வார மழைக்குப் பிறகு பூட் எர்த்தை மறுபடி அளந்ததில் 0.3 ஓம்.