வந்தானும் வந்தாரும்

17 ஆண்டுகளுக்கு முன்பு சென்னையில் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலையில் சேர்ந்தேன். முதல் டிசம்பரிலேயே, ஜனவரிப் புத்தகக் காட்சிக்குள் அச்சுக்குப் போகவேண்டிய ஒரு நாவலை என் மேசையில் வைத்தார்கள். தாமிரபரணிக் கரையிலுள்ள ஒரு கிராமத்தில் நடக்கும் கதை. பண்ணையில் கூலி வேலை பார்க்கும் கருப்பனுக்கும் நிலத்துக்குச் சொந்தக்காரரான பண்ணையாருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. ஆனாலும் 'கருப்பன் வந்தான்' என்றும் 'பண்ணையார் வந்தார்' என்றும்தான் கதை நெடுகப் போய்க்கொண்டிருந்தது. 170ஆம் பக்கத்தைத் தாண்டியதும், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், 'கருப்பன் வந்தார்' என்று ஒரு வாக்கியம் எதிர்ப்பட்டது. அதன் பிறகு கடைசிவரை 'வந்தார்', 'சொன்னார்', 'உட்கார்ந்தார்'தான்.

ஒரே பாத்திரத்துக்கு நூல் முழுவதும் ஒரே விகுதி என்பது எங்கள் அலுவலக நடைக் குறிப்பேட்டில் இருந்த விதி. எழுதியவர் கவனக்குறைவாக இருந்துவிட்டார் என்று முடிவுசெய்தேன். அதோடு, ஓர் உழைப்பாளியை 'அவன்' என்றும் நிலத்துக்காரரை 'அவர்' என்றும் சொல்வது எனக்கே உறுத்தியது. ஆகவே முதல் பக்கத்திலிருந்து கருப்பனுக்கு எல்லா இடத்திலும் 'ஆர்' விகுதி போட்டேன். நல்ல காரியம் செய்துவிட்ட நிறைவோடுதான் அன்று வீட்டுக்குப் போனேன்.

நாவலை எழுதியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அலுவலகத்தில் எல்லோரும் அவரை டீச்சர் என்றே அழைப்போம். திருத்திய படியைப் பார்த்துவிட்டு நேரில் வந்தார். என் எதிரில் உட்கார்ந்து, கோபப்படாமல் சொன்னார்: "தம்பி, கருப்பனுக்கு நீங்க மரியாதை கொடுத்திருக்கீங்க, சந்தோஷம். ஆனா இந்தக் கதையைச் சொல்றது நானில்ல, அந்த ஊரு. ஊருக்கு அந்த ஒரு எழுத்தை மாத்த 170 பக்கம் ஆகுது. அதை நீங்க முதல் பக்கத்துலயே மாத்திட்டா, மிச்சப் பக்கத்துல நான் எழுதினது என்ன?"

'வந்தான்' என்பதற்கும் 'வந்தார்' என்பதற்கும் உள்ள வேறுபாடு ஓர் எழுத்துதான். கருப்பனின் மகள் படித்து, அதே ஊர்ப் பள்ளிக்கு ஆசிரியையாகத் திரும்பி வரும் அத்தியாயத்தில் அந்த எழுத்து மாறியிருந்தது. அதுவரை ஊரின் கண்ணால் பார்த்துவந்த கதை, அங்கிருந்து மகளின் அருகே போய் நின்றுகொள்கிறது. இதை விளக்கி நாவலில் ஒரு வரிகூடக் கிடையாது. விகுதி ஒன்றே அந்த வேலையைச் செய்தது. நான் 200க்கும் மேற்பட்ட இடங்களில் அதை அழித்திருந்தேன். மூன்று நாட்கள் இருந்து ஒவ்வொன்றாகப் பழையபடி மாற்றினேன். கதைசொல்லியின் குரல் என்றால் என்ன என்று நான் கற்கத் தொடங்கியது அந்த மூன்று நாட்களில்தான்.

கதையைத் தன்மையில் சொல்வதா, படர்க்கையில் சொல்வதா என்ற ஒற்றைக் கேள்வியோடு இந்தப் பேச்சை முடித்துக்கொள்பவர்கள் பலர். தமிழில் அது போதாது. நம் வினைமுற்று திணை, பால், எண், இடம் ஆகியவற்றைக் காட்டுவதோடு நிற்பதில்லை. சொல்பவன் யாரை எந்த உயரத்தில் வைத்துப் பார்க்கிறான் என்பதையும் காட்டிவிடுகிறது. ஒரு மனிதர் கதவைத் திறந்தார் என்று எழுதுவதற்கு முன்பே, அவர் திறந்தாரா, திறந்தானா என்பதைக் கதைசொல்லி தீர்மானித்தாக வேண்டும். அதைத் தீர்மானித்த கணமே அவனுக்கு ஒரு வயதும், ஓர் ஊரும், ஒரு சார்பும் வந்துவிடுகின்றன. எந்தப் பக்கமும் சாராத படர்க்கைக் கதைசொல்லி என்று தமிழில் ஒருவர் இருக்க முடியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

வருவதும் போவதும் இப்படித்தான். 'சுமதி அறைக்குள் வந்தாள்' என்றால் கதை அறைக்குள் இருக்கிறது. 'அறைக்குள் போனாள்' என்றால் வாசலிலேயே நின்றுவிட்டது. தருதல், வருதல் என்ற சொற்கள் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் வகுத்துவைத்திருக்கிறது. கல்லூரியில் அதை மனப்பாடம் செய்தபோது வெறும் விதியாகவே தெரிந்தது. ஒரு சிறுகதையின் ஒரே பத்தியில் கதாநாயகி நான்கு முறை வந்தும் போயும் இருந்ததையும், அதனால் யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்று தெரியாமல் நான் திணறியதையும் கண்ட பிறகே, அந்த விதி எதைக் காக்கிறது என்பது புரிந்தது.

'நாங்கள்', 'நாம்' என்ற வேறுபாடும் அப்படியே. 'நாங்கள்' என்று சொல்லும் கதைசொல்லி வாசகரை எதிரில் உட்காரவைக்கிறான். 'நாம்' என்பவன் தன் பக்கத்தில் இடம் கொடுக்கிறான். இந்த இரண்டையும் கலந்து எழுதிய கைப்பிரதிகள் எவ்வளவோ என் மேசைக்கு வந்திருக்கின்றன. எழுதியவரிடம் கேட்டால், பெரும்பாலும் அதைக் கவனித்தே இருக்கமாட்டார்.

இவற்றைவிட என்னை அதிகம் சோதித்தது 'நான்' என்ற சொல். ஓர் இளைஞர் தன் முதல் நாவலை ஒன்பது வயதுச் சிறுவனின் குரலில் எழுதியிருந்தார். அச்சிறுவன் ஒரு பக்கத்தில் பம்பரத்தைக் காணாமல் தேடுகிறான். அடுத்த பக்கத்திலேயே தன் தந்தையின் மௌனத்துக்கு இரண்டு தலைமுறைக் காரணம் சொல்கிறான். எழுத்தில் திறமை இருந்தது. ஆனால் யார் பேசுகிறார்கள் என்பது நிலைக்கவில்லை. தன்மையில் சொல்லும் கதையில் 'நான்' இருவர்: அன்று வாழ்ந்தவன் ஒருவன், இன்று சொல்பவன் ஒருவன். இருவருக்கும் இடையில் 30 ஆண்டுகள் இருக்கலாம், 3 நாட்களும் இருக்கலாம். அந்த இடைவெளி எவ்வளவு என்பது எழுதுபவருக்குத் தெரிந்திருந்தால், சிறுவனுக்குத் தெரியாததை வளர்ந்தவன் சொல்வதில் குற்றமே இல்லை. அவரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: உங்கள் 'நான்' இதைச் சொல்லும்போது அவனுக்கு என்ன வயது? இரண்டு மாதம் கழித்து நாவலின் முதல் அத்தியாயத்தை அவர் புதிதாக எழுதிக் கொண்டுவந்தார். அதில் 41 வயது மனிதன் ஒருவன், விற்கப்போகும் பழைய வீட்டில் பெட்டிகளை ஒழித்துக்கொண்டிருந்தான். மற்ற அத்தியாயங்களில் அதிகம் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

எழுதுபவர் வேறு, சொல்பவர் வேறு என்பதை நாம் வெளியிலிருந்து இரவல் வாங்கவில்லை. அகப்பாடல்களுக்கெல்லாம் தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று சொல்பவரைக் குறித்துவைத்தவர்கள் நம் முன்னோர். குறுந்தொகையின் 25ஆம் பாடலில் 'யாரும் இல்லை தானே கள்வன்' என்று தொடங்குபவள் தலைவி, பாடியவர் கபிலர். தலைவன் அவளோடு கூடிய நாளில் அங்கே இருந்தது, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற ஒரு குருகுப் பறவை மட்டுமே. சாட்சி சொல்ல முடியாத சாட்சி அது. அவன் பொய் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற அச்சத்தை அவள் விரித்துச் சொல்லாமல், தான் கண்ட குருகின் தினைத்தாள் போன்ற கால்களைச் சொல்கிறாள். கபிலர் ஒரு வார்த்தைகூட இடையில் பேசுவதில்லை. புதிதாக எழுத வருபவர்களுக்கு நான் முதலில் படித்துக்காட்டுவது இந்த ஐந்து வரிகளைத்தான்.

குரல் மாறவே கூடாது என்றும் நான் சொல்லமாட்டேன். 1977இல் வெளிவந்த அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' நாவலில் சந்திரசேகரனின் கதை படர்க்கைக்கும் தன்மைக்கும் இடையே நகர்ந்துகொண்டே இருக்கிறது. அன்று நான் இருந்த மனநிலையில் அந்தக் கைப்பிரதி என் கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கும்போது, இப்போதும் பதறுகிறது.

இப்போது என்னிடம் வேலை கற்றுக்கொள்ள ஓர் இளம்பெண் வந்திருக்கிறார். சென்ற மாதம் ஒரு சிறுகதைத் தொகுப்பை அவரிடம் கொடுத்திருந்தேன். அதிலுள்ள ஒரு கதையில் பாட்டி பேத்திக்குத் தன் ஊர்க் குளத்தில் நடந்த ஒரு சாவைப் பற்றிச் சொல்கிறாள். வந்தானாம், கேட்டானாம், சண்டை போட்டார்களாம் என்று வாக்கியம்தோறும் 'ஆம்' வருகிறது. கேள்விப்பட்டதைச் சொல்பவளின் மொழி அது. அந்தப் பெண் கதையைத் திருத்திவிட்டு, பென்சிலோடு என் மேசைக்கு வந்தார்.

"சார், ஒரே ஒரு இடத்துல மட்டும் 'ஆம்' விட்டுப்போயிருக்கு. 'அவன் திரும்பிப் பார்த்தான்'னு இருக்கு. 'பார்த்தானாம்'னு சேர்த்துடட்டுமா?"

அந்தப் பக்கத்தை வாங்கி இருமுறை படித்தேன். பிறகு அவரிடமே கொடுத்து, வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். அவர் படித்துக்கொண்டே வந்து, அந்த வரியில் நின்றார். சிறிது நேரம் பேசவில்லை.

"பாட்டி அங்க இருந்திருக்காங்க, சார்" என்றார்.

பென்சிலை மேசைமேல் வைத்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.